ஆள்காட்டி

எழுபத்தெட்டாம் நிமிடம்.
டாண்டினோங் பக்கத்து மைதானம், ஓகஸ்ட் ஈரம்.
முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு.
கோப்பை கீப்பை எதுவும் கிடையாது;
தோற்றவர்கள் வலை கழற்றவேண்டும்,
அவ்வளவுதான் பந்தயம்.

பந்து என் கையில் பட்டது.
பட்டது என்றால், வந்து பட்டதல்ல,
கை போய்த் தொட்டது.
முழங்கைக்குக் கீழே ஒரு சூடு.
எனக்குத் தெரியும்.
கைக்கும் தெரியும்.

விசில்.
நடுவர் தன் ஆள்காட்டி விரலை
பெனல்டிப் புள்ளிக்கு நேரே நீட்டினாள்.
பத்தொன்பது வயதிருக்கலாம்.
சட்டை அவளுக்குப் பெரிது,
கைநுனியை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள்.

முதலில் ஓடியது நான்.
பின்னால் நிருத்தன், கபிலதாஸ்,
அந்தக் கோடியிலிருந்து கோல்காப்பாளர்,
ஆறு பேர்.
ஆங்கிலத்தில் கத்தினோம்.
அவளுக்கு விளங்கக்கூடாததை மட்டும் தமிழில்.

சுற்றி வளைப்பு எப்படி இருக்கும் என்று
எங்களில் சிலருக்கு
உள்ளே நின்றும் தெரியும்.
"கையைக் காட்டு" என்ற குரலுக்கு
ஒரு காலத்தில் உள்ளங்கை விரித்தவர்கள் நாங்கள்.
அன்றைக்கு நானாகவே விரித்தேன்:
"பார், கையே இல்லை! தோள்! தோள்!"

அவள் ஓர் அடி பின்னே வைத்தாள்.

அந்த அடியை நான் பார்த்தேன்.
எல்லோரும் பார்த்தோம்.
கதவு திறந்தது மாதிரி இருந்தது.
இன்னும் நெருங்கினோம்.

கோட்டோரம் கொடி பிடித்து நின்றவனை
அவள் தேடினாள். சுதேசன்,
எங்கள் மாற்று ஆட்டக்காரன்.
இல்லை என்று தலையாட்டினான்.
விரல் மெல்ல மடிந்தது.
"கோர்னர்" என்றாள்,
யாரையும் பார்க்காமல்.

அந்த மூலைக்கொடியின் கீழே
நாலு ஆரஞ்சுக் கூம்புகள், நடுவே ஒரு கூடு.
கூடென்று என்ன, புல்லில் ஒரு குழி, நாலு முட்டை.
இந்த ஊரார் அதை ப்ளோவர் என்பார்கள்.
எங்களுக்கு ஆள்காட்டி.
மஞ்சள் அட்டையை முகத்தில் ஒட்டிய பறவை.
பந்தோடு போன எதிரணிக்காரனை நோக்கிச்
சிறகு விரித்துக் கத்தியது.
தொண்ணூறு கிலோ ஆள்,
மன்னிப்புக் கேட்பவன்போல்
பந்தைத் தள்ளி வைத்தான்.
ஒருவரும் முறையிடவில்லை.
முட்டைக்காரியோடு யார் வாதாடுவது?

இரண்டுக்கு ஒன்று. வென்றோம்.
கைகுலுக்கும்போது "நல்ல ஆட்டம்" என்றாள்,
என் முழங்கைக்குக் கீழே இருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டு.
ஆட்டத்தாளில் கையொப்பமிடும்போதுதான்
பெயரைப் படித்தேன்: அச்சோல்.
இருட்டில் அவர்கள் வலை கழற்றினார்கள்.
நாங்கள் கார் சூடாகக் காத்திருந்தோம்.

அடுத்த சனி அரை மணி முன்னதாகப் போனேன்.
சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்,
மூன்று சொல்.
விசிலோடு வந்தவர் வேறு ஒருவர், நரைத்த மீசை.
அவளைப் பற்றிக் கேட்டேன்.
"இந்த வாரம் வரமாட்டேன் என்றாளாம்."
அந்த வாரம் மட்டுமா என்று
நான் கேட்கவில்லை.

அன்று பக்கக்கோட்டில்
பந்து என் காலில் பட்டு வெளியே போனது.
எங்களுக்கே எறியச் சொன்னார்.
"இல்லை, என்னில்தான் பட்டது" என்றேன்.
"உனக்கென்ன விசரோ?" என்றான் சுதேசன்.
நாலுக்குப் பூச்சியம் என்று முன்னிலையில் இருந்தோம்.
ஆகவே இதை நேர்மைக் கணக்கில் எழுதமுடியாது.

பந்தெடுக்க மூலைப்பக்கம் போனேன்.
கூம்புகள் அப்படியே,
குழியில் ஓட்டுத் துண்டுகள்.
குஞ்சுகள் எங்கோ புல்லுக்குள்.
பறவை மட்டும் எழுந்து
என் தலைக்கு மேலே வட்டமிட்டு,
முழு மைதானத்துக்கும் கேட்க,
ஆளைக் காட்டிக்கொண்டிருந்தது.