ஜனவரி ஒன்று

பிறந்த தேதி போட்டால்தான் திறக்குமாம்.
எனக்குத் தெரியாது.
ஆஸ்பத்திரி வைத்தது ஜனவரி ஒன்று;
அதற்குத் திறந்தது.

மூக்கையூர் ஜெட்டியில்தான் சிக்னல்.
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் டெல்பின்
இங்கிலீஷை வாசித்து வாசித்துச் சொல்கிறாள்:
கிரியேட்டினின் நாலு புள்ளி ரெண்டு.
மாசியில் ரெண்டு புள்ளி ஒன்பது.
உப்பு, புரதம், என்னென்னவோ.

ஒரு வரியில் மட்டும் எச்சில் விழுங்கினாள்.
சொல்லு பிள்ளை.
"சொன்ன தேதிக்கு வருவதில்லை. அக்கறை இல்லை."

அன்றைக்குப் பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு.
சாயல்குடியோடு பஸ் நின்றுபோச்சு.
நனைந்த சீட்டோடு நானும் நின்றேன்.

பதில் எழுத இடமிருக்கா என்றேன்.
கீழே கீழே தள்ளிப் பார்த்தாள்.
இல்லை.

மீன்பெட்டியில் எடை எழுதும் பேனாவை
எடுக்கச் சொல்லி உள்ளங்கையை நீட்டினேன்:
நாலு புள்ளி ரெண்டு எழுது.
பக்கத்தில்
கூண்டு மூன்று.