உள்துணி

நாலு கவர் கொண்டுவந்தேன்.
நுழைவுச்சீட்டுக்கு ஒன்று.
தேநீர், வடை, கழிப்பறைச் சில்லறைக்கு ஒன்று.
அசங்கவுக்கும் டிரைவருக்கும் ஒன்று,
நாக்கால் நனைத்து ஒட்டியது.
நாலாவதன் மேல் பச்சை மையில்:
கையால் செய்தது மட்டும்.

பதினெட்டு வருஷமாய்த் திருப்பூரில்
பனியனுக்கு விலை போடுகிறவள்.
நூல், சாயம், காஜா, பட்டன், கூலி
ஒன்றும் என் நோட்டில் தப்பாது.

நம் ஒரு ரூபாய்
இங்கே மூன்றரை என்றார்கள்.
ஐயாயிரத்தை நீட்டினேன்,
பதினேழாயிரத்து ஐந்நூறாய் வந்தது.
விமான நிலையத்திலேயே
என் நடை கொஞ்சம் அகலமாகிவிட்டது.

கண்டியில் ஒரு மரப்பெட்டி, நாலாயிரத்து இருநூறு.
எதைப் போட்டுவைப்பது என்று
இன்னும் தெரியாது.
மாத்தளையில் அரக்குச் சிமிழ், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
பெருவிரல் நகத்தாலேயே வரியிழுத்துக் காட்டினார் அந்த மனிதர்,
பேரம் பேசுவது எப்படி?
நுவரெலியாவில் குளிர்.
பல் தந்தியடிக்க ஒரு ஸ்வெட்டர், மூவாயிரத்து எண்ணூறு,
அதுவும் நாலாவது கவரிலிருந்தே.
தையலைப் புரட்டிப் பார்த்தேன். மெஷின்.
தெரிந்தேதான் வாங்கினேன்.
குளிருக்குப் பச்சை மை படிக்கத் தெரியாது.

ஐந்தாம் நாள் அப்புத்தளை.
'இருபது நிமிஷம் அக்கா, பனி இறங்கினால் பத்து'
என்றான் அசங்க.
லயத்துக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை.
ஆறு பெண்கள், ஆறு ஊசி.
சரோஜினியக்கா என் காதில்,
'பாதிக்குக் கேளு, சும்மா கேளு.'

ஒட்டுத்துணிப் போர்வை அது.
நீலம், பாசிப் பச்சை,
எங்கிருந்தோ வந்த ஒரு மஞ்சள்.
ஆறாயிரத்து ஐந்நூறு.
கவரில் ஆறாயிரத்து அறுநூறு.
கடவுள் இருக்கிறார்,
கையில் கால்குலேட்டர் வைத்திருக்கிறார்.

அட்டையில் கணக்கே எழுதியிருந்தார்கள்:
துணி இவ்வளவு, நூல் இவ்வளவு,
பதினொரு நாள் கைவேலை இவ்வளவு.
எங்கள் முதலாளி யாருக்கும் காட்டாத தாள்
இங்கே ஊக்கில் தொங்கியது.

பழக்கதோஷம்.
புரட்டினேன். கூட்டினேன்.
'உள்துணி எங்கே?' என்றேன்.

'என்னங்க?' என்றாள் யோகமணி.
'பின்பக்கம் முழுசா ஒரு துணி கொடுத்திருக்கீங்களே,
அதோட விலை இதில் இல்லையே.'

அட்டையைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள்.
திரும்பி உள்ளே பார்த்து,
'பிள்ளைகளா, மூணு மாசமா
லைனிங்க சும்மா குடுத்திருக்கோம்' என்றாள்.
ஆறு ஊசியும் நின்றன.
யாரோ சிரித்தார்கள்.
யாரோ வைதார்கள்,
யாரை என்று தெரியவில்லை.

பேனா வந்தது.
அறுநூற்று ஐம்பது சேர்த்து
ஏழாயிரத்து நூற்றைம்பது என்று எழுதி
மையை ஊதினாள்.
பிறகு என்னிடம்,
'எடுக்கிறீங்களாக்கா?'

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
ஐந்நூற்றைம்பது குறைகிறது.
மூன்றாவது கவரைத் தொட்டேன்,
ஒட்டிய வாய் ஒட்டியபடி இருந்தது.
ஜன்னலுக்கு வெளியே அசங்க
எங்கள் செருப்புகளை
மழைபடாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.
தள்ளுபடி கேட்கலாம்.
எந்த முகத்தோடு? கூட்டியது நான்.

ஒரு சுருக்குப்பை வாங்கினேன், எண்ணூறு,
அதன் உள்துணியையும் விசாரித்துவிட்டுத்தான்.
அதைச் சேர்த்திருக்கிறார்களாம்.
மிச்சம் கொழும்பில்
முந்திரிப்பருப்பாகிவிடும்.

'பாதிக்கு முடிச்சியா?' என்றாள் சரோஜினியக்கா.
'இல்லக்கா, ஏத்திவிட்டு வந்தேன்.'
அவளுக்குப் புரியவில்லை.
பையைத் திறந்து மூடி, திறந்து மூடி
வந்துகொண்டிருந்தேன்.
வளைவில் எங்கள் பஸ் ஒதுங்கி நின்றது.
இன்னொரு பஸ் மேலே ஏறியது,
பனி படிந்த கண்ணாடியில்
முப்பது முகங்கள்,
மடியில் என்னென்ன கவர்களோ.