நீரில் நிறுப்பவள்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் சாலையில் இருக்கும் எங்கள் சேகோ ஆலைக்குள்
எந்தக் கிழங்கு லாரியும்
என்னிடம் நின்றுவிட்டுத்தான் போகணும்.

கம்பிக் கூடையில் ஐந்து கிலோ.
முதலில் காற்றில் நிறுப்பேன்.
பிறகு கூடையோடு தொட்டிக்குள் இறக்குவேன்.
தண்ணீர் தின்றது போக எஞ்சும் எடைதான்
மாவு. அதுதான் பாயிண்ட்.
பாயிண்டுக்கு இன்ன விலையென்று
காலையிலேயே போனில் வந்துவிடும்.

பதினொரு வருஷமாக இந்தத் தொட்டி.
தண்ணீர் ஆயிரத்து நூற்றுப் பத்தடியிலிருந்து வருகிறது,
வெதுவெதுப்பாக,
அங்கே யாரோ காய்ச்சி அனுப்புவதுபோல.

நிமிர்ந்தால் சேர்வராயன் மலை.
மேகம் அங்கேதான் தங்கும்.
காப்பிக்கும் மிளகுக்கும் பெய்துவிட்டு
எங்கள் பக்கம் நிழலை மட்டும் அனுப்பும்.
அந்தப் பக்கம் பிறக்கிற திருமணிமுத்தாறு
கீழே இறங்கியதும் சேலம் அதைப் பிடித்து
சாயமும் சாக்கடையும் ஊட்டி
அப்புறம்தான் விடுகிறது.

செவ்வாயன்று அறுநூத்துமலையிலிருந்து தீர்த்தன் வந்தார்.
கிணறு இல்லை, மோட்டார் இல்லை, வானம் பார்த்த காடு.
மழைக்கு முன்பே பிடுங்கிய கிழங்கு.
இருபத்தொன்பதரை.
காசை எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டு
"அடுத்த லோடுக்கு ரோடு இருக்கணும்" என்றார்.

புதனன்று மின்னாம்பள்ளி அத்தியப்பன்.

பத்து மாதம் மழை கேட்டவர்.
மாரியம்மனிடம் கேட்டார்,
டிவியில் வானிலை சொல்கிற பெண்ணிடமும் கேட்டார்.
ராத்திரி ஒன்றரைக்கு மும்முனை கரண்ட் வரும்போது
டார்ச்சோடு போய்
சொட்டுக்குழாயில் அடைத்த உப்பைத் தட்டிவிட்டார்.
போட்ட மூன்று போரில் ஒன்று
புழுதியாகவே வெளியே வந்தது.
மருமகளின் வளையல் அந்தப் புழுதியில் இருக்கிறது.

பிடுங்க ஆள் பேசிய அன்றைக்கு ராத்திரி
மழை வந்தது.
பதினைந்து நாள் விடவில்லை.

மழை குடித்த கிழங்குச்செடி துளிர்விடும்.
துளிருக்கு மாவைச் செலவழிக்கும்.
இங்கே மழையை யாரும் திட்டுவதில்லை.
திட்டிவிடாமலிருக்க
அத்தியப்பன் வெற்றிலையை மென்றுகொண்டே நின்றார்.

கூடை இறங்கியது. முள் ஆடியது.
"இருபத்துநாலு" என்றேன்.
சூப்பர்வைசர் குணாளன் எழுதியது இருபத்துமூன்று.

கூடையைத் தூக்கினேன். உதறினேன்.
ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துவிட்டு
மறுபடி இறக்கினேன்.
"இருபத்துநாலு."
களத்தில் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்த பெண்கள்
இழுப்பதை நிறுத்தினார்கள்.
தோல் சீவும் மெஷினருகே ராஞ்சிப் பையன்,
தமிழ் எண்கள் மட்டும் தெரிந்தவன்,
குணாளனையே பார்த்தான்.

அடித்து எழுதினான். பேனா தாளைக் கிழித்தது.

ஒன்பது டன்னுக்கு ஒரு பாயிண்ட்.
பேத்தியின் காலேஜ் பஸ் பணம் என்று
அவர் சொல்லவில்லை,
நானாகப் போட்ட கணக்கு.

இந்த மூட்டைகள் நாக்பூருக்கும் இந்தூருக்கும் போகின்றன.
விரத நாளில் அங்கே சோறு தொடமாட்டார்களாம்,
ஜவ்வரிசிதான் ஊறவைத்துச் சாப்பிடுவார்களாம்,
லாரி ஓட்டும் சலாவுதீன் சொன்னார்.
யாரோ சோற்றை விலக்க விலக்க
எங்கள் உலை கொதிக்கிறது.
வடக்கே விரதம் நிறைய வரட்டுமென்று
களத்து மாதேஸ்வரி வெள்ளிதோறும் விளக்கேற்றுகிறாள்,
தான் ஒருபொழுது இருந்துகொண்டு.

சாயங்காலம் தொட்டியைத் திறந்துவிட்டேன்.
கலங்கல் தண்ணீர் புளித்த வாடையோடு
வாசலுக்கு இறங்கி
அத்தியப்பனின் லாரித் தடத்தில் நிறைந்தது.
அதில் ஏற்கெனவே மழை தேங்கியிருந்தது.

மேலிருந்து வந்தது எது, கீழிருந்து வந்தது எது?
குனிந்து கை விட்டுப் பார்த்தேன்.

ஒரு ஓரத்தில் மட்டும்
இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.