செவ்வாய்க்கிழமைச் சீட்டு

பணகுடியில் ஆறேகால் வண்டி.
இடப்பக்க ஜன்னல் எனக்கு வேண்டாம்.
ஏனென்று கண்டக்டருக்குத் தெரியும்,
அவரும் ஒரு காலத்தில்
வலப்பக்கம் தேடி உட்கார்ந்தவர்தான்.

பாளையங்கோட்டையில் இறங்கி நடந்தால்
பெரியாஸ்பத்திரிக் கடைசி வராண்டா.
சீட்டுப் போடுகிற பிள்ளை
என்ன வியாதியென்று கேட்காமல்
மூலையில் ஓர் எழுத்துப் போடுவாள்.
முதல் நாள் அந்த எழுத்தை
உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன்.
இப்போது அதே சீட்டால் விசிறிக்கொள்கிறேன்.
அங்கே ஃபேனுக்குச் சத்தம் மட்டும் உண்டு.

மூன்று நிமிடம் டாக்டரம்மா.
"எத்தனை நாளாச்சு?"
நான் காத்தாடிக் கம்பெனிக்காரன்.
எண்பது மீட்டர் ஏறியவனைக்
கை நடுங்குதென்று கீழே இறக்கி
ஸ்டோரில் போல்ட்டு எண்ண விட்டிருக்கிறார்கள்.
எண்ணிக்கை தப்பக் கூடாத வேலை.
"இருபத்தாறு" என்பேன்.
அதில் ஒன்பது பொய்.
எழுதிக்கொள்வார்.
பொய்யும் அதே நீல மையில்தான் விழுகிறது.

படுக்கப் போட்டு வைத்தியம் செய்கிற இடத்தில்
கேட் உண்டு, வாட்ச்மேன் உண்டு.
இங்கே மாத்திரையைக் கையில் கொடுத்து
ஊருக்குப் போ என்கிறார்கள்.
கேட்டும் நான், வாட்ச்மேனும் நான்,
சுவரேறிக் குதிக்கிறவனும் நான்.

பெஞ்சில் ஆளுக்கொரு பேச்சு.
மேலப்பாளையம் மைதீன் பிச்சை சொல்வார்:
"டாக்டரம்மா நல்லவுக தான் வே.
ஆனா சாயங்காலம் ஆறரைக்கு
அவுக எங்க இருக்காவ, நான் எங்க இருக்கேன்?"
களக்காட்டு வானமாமலைக்கு
மாத்திரை மேல் அல்ல, டார்ச் லைட் மேல் கோபம்.
விடிந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி
நாக்கைத் தூக்கச் சொல்லி
அடித்துப் பார்க்கிறாளாம் வீட்டுக்காரி.
"சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்க மாரி பாக்கா.
இருவது வருசத்துல என் மூஞ்சிய
இவ்வளவு கிட்ட வந்து அவ பாத்ததில்ல."
கோபம்தானா அது என்று
அவருக்கே பிடிபடவில்லை.

ஆனி மாதம் அந்த அம்மா வந்தாள்.
பிரம்மசக்தி. செங்கல் சூளை.
நகங்களுக்குள் செம்மண்.
நகர்ந்து இடம் விட்டோம்,
புருசனுக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள்
உட்காருகிற ஓரத்தில்.
சீட்டுப் பிள்ளையும் கேட்டாள்,
"ஆளு வரலியா?"
"வந்திருக்கம்லா" என்றாள்.

ஃபேன் சத்தம்.
இது வியாதி, யாருக்கும் வரும் என்று
ஆறு மாதமாக எங்களுக்குச் சொல்லித் தந்தது
ஒரு நொடியில் மறந்துவிட்டது.
பொம்பளையாய் இருந்துகொண்டு என்று
நான் வாய் திறக்கவில்லை.
மூஞ்சி சொல்லியிருக்கும்.
அவள் என்னைத்தான் பார்த்தாள்.

அடுத்த செவ்வாய் அவள் இல்லை.
அதற்கடுத்ததும் இல்லை.
ஆடி பிறந்து வந்தாள், எனக்கு முந்தின சீட்டு.
கதவு சரியாகச் சாத்தாத அறை.
"எத்தனை நாளாச்சு?"
"நேத்து குடிச்சேன்."
வராண்டா முழுக்கக் கேட்டது.
"நேத்து எத்தன மணிக்கு?" என்றார் டாக்டரம்மா.
அவ்வளவுதான் கேள்வி.

என் முறை.
போன வாரம் எழுபது சொன்ன வாய்
"நாலு" என்றது.
அவர் பழைய தாளைப் புரட்டினார்.
"அப்ப இதெல்லாம்?"
"அது... ஸ்டாக்குல இல்ல மேடம்."
சிரித்தாரா என்று பார்க்கவில்லை.
மாத்திரையைக் கூட்டி எழுதினார்.
திட்டியிருந்தால்
பஸ் ஏறுமுன் ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

மத்தியான வண்டியில் கூட்டம்.
பிரம்மசக்தி முன்னால் நின்றாள்,
மூன்றடைப்பில் இறங்கினாள்,
திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்கணும் என்று என்ன இருக்கிறது.
அதற்குப் பிறகு இடப்பக்கம் ஒரே ஒரு இடம்
காலியாச்சு. கால் வலி. உட்கார்ந்தேன்.

வள்ளியூர் தாண்டினால் ஆடிக்காற்று.
காத்தாடிகள் எல்லாம் சுற்றுகின்றன,
ஒன்று மட்டும் நிற்கிறது, என்ன கோளாறோ.
மடியில் கையை விரித்துப் பார்த்தேன்.
நடுக்கம் இருக்கிறது.
பஸ்ஸும் ஆடுகிறது.
இதில் எவ்வளவு என்னுடையது என்று
பணகுடி வந்தால்தான் தெரியும்.