ஆளுக்கு நான்கு

"எட்டு லென்ஸ். ஆளுக்கு நான்கு.
இதில் என்ன சிக்கல்?" என்கிறார் வக்கீல் ஒப்துலியா.
தொலைபேசியில் அவருக்கு எப்படி விளக்க?
என் கேமராவின் சென்சார் பெரியது,
ப்ராய்ஸுடையது சிறியது.
என் லென்ஸ் ஐந்தும் அவனுக்கு ஆகும்.
அவனுடைய மூன்றும் எனக்கு மாட்டும்,
போதாது.

வாய் என்னவோ ஒரே அளவுதான்.
சொருகித் திருகினால் 'க்ளிக்' கேட்கும்.
பொருத்தம் அதோடு முடிந்துவிடுகிறதா என்ன.

பொந்தேவெத்ராவில் பதினோராவது நாளாக மழை.
சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து
எட்டையும் நிறுத்திவைத்திருக்கிறோம், மூடி கழற்றாமல்.
அவன் காபி போடுகிறான்.
இரண்டு கோப்பை. பழக்கம்.

முதலில் ஐம்பது.
அவன் கேமராவில் அது எழுபத்தைந்துபோல நெருங்கிவிடும்.
லென்ஸ் அதேதான்,
ஓரங்களை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே இடம் கிடையாது.
காம்பாதோஸ் கல்யாணத்தில் நான் எடுத்த படத்தில்
மணப்பெண், மாமியார், நண்டுத் தட்டு,
பின்னால் கொட்டாவி விடும் குடைக்காரன்.
அதே லென்ஸைக் கைமாற்றி, நான் நின்ற ஓட்டின்மேலேயே நின்று
அவன் எடுத்ததில் குடைக்காரன் இல்லை, நண்டு பாதி,
மணப்பெண்ணின் கன்னத்தில் மை கரைந்திருந்தது.
நான் அதைக் கவனித்திருக்கவேயில்லை.

எண்பத்தைந்தை அவன் தொடவில்லை.
அதன் தவணையை யார் கட்டினார்கள் என்பது தெரியும்.
"முப்பத்தைந்து உனக்கு" என்றேன்.
"இரக்கமா, உக்ஸியா?"
"உன் கேமராவில் அது கிட்டத்தட்ட ஐம்பது.
உன்னிடம் ஐம்பது இல்லை."
தலையசைத்தான். தொழில்பேச்சில் நாங்கள் எப்போதும் நல்லவர்கள்.

அப்புறம் அந்தப் பத்து-இருபது.
சாந்தியாகோவில் என்னைக் கேட்காமல் வாங்கியது.
"நாளைக்கு நீயும் பெரிய சென்சாருக்கு மாறினால்
இது காகிதம் பறக்காமலிருக்க வைக்கும் கல்" என்று
நடைபாதையில் நான் கத்த,
ஒரு பாதிரியார் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்.
அவன் மாறவில்லை. ஏழு வருடம்.

பெட்டி எடுத்துவர அவன் கீழே போயிருந்தான்.
சும்மாதான் மாட்டினேன்.
சின்ன லென்ஸ் வந்தால் கேமரா தானே ஓரத்தை வெட்டிக்கொள்ளும்,
மெனுவுக்குள் போய் அதை நிறுத்தினேன்.
பத்தில், சுற்றிலும் கும்மிருட்டு,
நடுவே ஒரு வட்டம்: சிப்பிமிதவைக்குப் போகும்
படகின் சன்னல்போல.
அதற்குள் தொட்டி, இரண்டு கோப்பை, கண்ணாடியில் வழியும் மழை.
வளையத்தைத் திருகினேன்.
பன்னிரண்டு. இருட்டு கொஞ்சம் பின்வாங்கிற்று.
பதினான்கு.
பதினாறில்
நான்கு மூலையும் விடிந்துவிட்டது.

ஓரம் சற்றுக் கலங்கல்தான். வலது மேல்முனையில்
நகக்கண் அளவு கறுப்பு.
ஆனால் அடுப்பு இருந்தது, நாட்காட்டி இருந்தது,
சுவரில் நாங்கள் சாயம் பூசாமல் விட்ட பகுதி இருந்தது,
வாசலில் அட்டைப்பெட்டியோடு அவன் இருந்தான்.

"என்ன?"
"அசையாதே" என்றேன், கல்யாண வீட்டில் சொல்லும் குரலில்.
அசையாமல் நின்றான்.

கழற்றி, துடைத்து, அவன் பத்தியில் எழுதினேன்:
பத்து-இருபது, ஒன்று.
பதினாறைப் பற்றி எதுவும் எழுதவில்லை,
அதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை.

எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு நான்கு.
ஒப்துலியா சொன்னதேதான்.
பின்மூடி மட்டும் ஒன்று குறைந்தது.
மேசைக்கடியில் இருவரும் மண்டியிட்டுத் தேடினோம்,
கிடைக்கவில்லை.
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையை இரண்டாக மடித்து,
ரப்பர் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.