மணல் மூட்டையிடம் நலம் விசாரித்தல்

போன முறை நான் தோற்றதற்குத்
தாளில் ஒரே வரி:
'காயம்பட்டவரிடம் பேசவில்லை.'

காயம்பட்டவர் ஒரு பொம்மை.
எழுபது கிலோ மணல், ஆரஞ்சுச் சட்டை,
யாரோ கரியால் இழுத்துவிட்ட மீசை.
பீச் மரத்தில், ஒன்பது மீட்டர் உயரத்தில்,
தலை தொங்கக் கிடந்தது.
அதனிடம் என்ன பேச?

பத்தொன்பது வருஷமாக ஏறுகிறேன்.
டைவி ஆற்றின் இரு கரையிலும்
புயலுக்கு மறுநாள் காலை
முதலில் ஒலிக்கும் போன் என்னுடையது.
அட்டை எங்கே என்று யாரும் கேட்டதில்லை,
காப்பீட்டுக் கம்பெனி கேட்கும்வரை.
அப்புறம் கவுன்சில் கேட்டது.
அப்புறம் தேவாலயம்.
கல்லறைகளுக்கு நடுவே நிற்கும் யூ மரம்,
இரண்டு தடவை நானே கழித்துவிட்ட மரம்,
அதற்கு ஒரு படிவம். அதில் ஒரு கட்டம்:
'சான்றிதழ் எண்.'
என் பூட்ஸ் அளவை எழுதி அனுப்பினேன்.
வேலை வேறு ஆளுக்குப் போனது.

சுள்ளித் தேர்வில் பயமில்லை.
பிப்ரவரி மேசைமேல் இருபது மொட்டைச் சுள்ளிகள்.
ஆஷின் மொட்டு அணைந்த தீக்குச்சித் தலை.
பீச், நூல் கோக்காத ஊசி.
எல்டரைக் கிள்ளி முகர்ந்தால் போதும், முகம் சுளிக்கும்.
லத்தீன் பெயர்தான் எழுத்தெழுத்தாகக் கணக்குப் பார்த்தது.
கடைசி எழுத்து விட்டுப்போனால்
அரை மதிப்பெண் போச்சு.

தோற்ற கதையை கெத்தினிடம் சொல்லிச் சிரித்தேன்.
'மணல் மூட்டையை நலம் விசாரிக்கணுமாம்.'
அவன் சிரிக்கவில்லை.

மூன்று நவம்பருக்கு முன்னால், பாப்லர்.
பிளந்த கிளை அவன் தோளைச் சாய்த்தது.
பதினொரு நிமிஷத்தில் இறக்கினேன்.
லம்பீட்டரில் எந்த மதுக்கடையிலும்
அந்தப் பதினொன்றைச் சொல்வார்கள்.

'நீ வருகிறாய் என்றே தெரியாது எனக்கு' என்றான்.
'கயிறு ஆடியது. கொக்கி கிளிக்கியது.
ஆள் சத்தம் இல்லை. வாயில் கொழுக்கட்டையா?
நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்,
நீ முதலில் ரம்பத்தை இறக்குகிறாய்
என்று நினைத்துக்கொண்டேன்.'

மூன்று வருஷம் இதை அவன் சொன்னதில்லை.
நான் கேட்டதுமில்லை.
எங்கள் இருவர் தேநீரும்
ஏடு கட்டியது.

மறுபடியும் அதே பீச். தூறல்.
ஷ்ராப்ஷயரிலிருந்து வந்த ஹால்வொர்த்
காதிடுக்கில் பென்சிலோடு கீழே நிற்கிறார்.
ஏறினேன். நங்கூரம் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன்,
எடையை என்மேல் மாற்றிக்கொண்டேன்.
எல்லாம் கைக்குத் தெரியும்.
வாய்தான் திறக்கவில்லை.

மீசையில் மழைத் துளி நின்றது.

'கெத்தின்' என்றேன், எங்கள் வெல்ஷில்,
'நான்தான். வந்துட்டேன்.'
ஆரம்பித்தபின் நிற்கவில்லை.
இடது கையை ஆட்டாதே. மூச்சு விடு.
இதோ என் கொக்கி, இதோ உன் வார்.
ஆம்புலன்ஸ் பாலம் தாண்டிவிட்டது.
டயர் வாங்கித் தந்த பணம் நீ இன்னும் தரவில்லை,
அதைப் பற்றி இப்போது யோசிக்காதே.
வந்துட்டேன், பார், என் தோளில்தான் சாய்ந்திருக்கிறாய்.
தரை தட்டும்வரை
மணலோடு பேசிக்கொண்டே இறங்கினேன்.

ஹால்வொர்த்துக்கு வெல்ஷ் தெரியாது.
'என்ன சொன்னீர்கள்?'
'வந்துவிட்டேன் என்று.'
'அதை மட்டுமா, இவ்வளவு நேரம்?'
'ஏறக்குறைய.'
காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

ஆறு வாரத்தில் அட்டை வந்தது.
படத்தில் நான் கோழி திருடிப் பிடிபட்டவள் மாதிரி.
மெய்னிர் என்ற பெயரில்
ஓர் எழுத்து விட்டிருந்தார்கள்.
அரை மதிப்பெண் குறைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஏறும்போது பேசுகிறேன்.
எந்தக் கிளை, எந்தக் கவை, எத்தனை அடி,
மேலே காற்று எப்படி, எல்லாம்.
கீழே கயிறு பிடித்தபடி
கெத்தின் கத்துகிறான்:
போதும் தாயே, கொஞ்சம் வாயை மூடு.