பிடித்தம்

க்ரிம்ஸ்பியில், மீன் உறையவைக்கும் ஆலையில்
சம்பளக் கணக்கு பார்ப்பவன் நான்.
பிடித்தம் எண் பதினேழு:
குழந்தைப் பராமரிப்பு வவுச்சர்.
அந்தப் பத்தியில் இப்போது ஒரே பெயர்,
ஜனீன் ஓல்ட்ராய்ட், பொட்டலப் பிரிவு, பகல் ஷிஃப்ட்.
மாதம் இருநூற்று நாற்பத்து மூன்று பவுண்ட்
வரி மோப்பம் பிடிக்கும் முன்பே
அவள் சம்பளத்திலிருந்து நழுவிவிடும்.

நாற்பத்தொரு பெயர் இருந்த பத்தி அது.
பிள்ளைகளுக்கு மீசை முளைத்துச் சிலர் போனார்கள்.
ஹல்லில் மணிக்கு நாற்பது பென்ஸ் கூடக் கிடைக்கிறதென்று சிலர்.
புதியவர்களுக்குக் கதவடைத்து வருடங்கள் ஆயிற்று.
உள்ளே இருப்பவர் இருக்கலாம்,
வேலை மாறினால் போனது போனதுதான்.
ஜனீனுக்கும் ஹல்லிலிருந்து ஒரு கடிதம் வந்தது.
என் ஜன்னலில் வைத்துக் கணக்குப் போட்டோம்,
பென்சிலால், அந்தக் கடிதத்தின் முதுகிலேயே.
அவள் போகவில்லை.

ஆவணத்தில் இதற்குச் சம்பளத் தியாகம் என்று பெயர்.
தியாகிகள் யாரும் என் ஜன்னலுக்கு வந்ததில்லை.
வருகிறவர்கள் ஐந்தேகால் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள்.
கால் மணி தாமதத்துக்கு ஐந்து பவுண்ட் என்று
கிளப் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள் பெவர்லி.
நவம்பரில் நாலு மணிக்கே இருட்டு.
மஞ்சள் அங்கி போட்ட பதினோரு பிள்ளைகள்
ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு
பள்ளியிலிருந்து தேவாலயக் கூடத்துக்கு நடப்பார்கள்.
விடுப்பு நாளில் நானே பார்த்திருக்கிறேன்.
கடைசியில், ஷூ லேஸ் அவிழ்ந்து வருபவன் எல்லிஸ்.

பிப்ரவரியில் கூடத்தின் பாய்லர் உயிரை விட்டது.
பின்னாலேயே கூரை.
கிளப்பின் பதிவை நிறுத்திவைத்தார்கள்.
ஜனீன் வந்தாள், கையுறையைக் கழற்றாமல்.
"நிறுத்திடலாமா?"
ஒரு வருடம் நின்றுபோனால் திரும்ப நுழைய முடியாது என்றேன்.
"அப்போ ஓடட்டும்."
ஓடியது. போக வழியில்லாமல்
எங்கோ ஒரு கணக்கில் குட்டையாய்த் தேங்கியது.

எல்லிஸ் அடுத்த வீட்டு ட்ரேசியின் சமையலறைக்குப் போனான்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை அவளுக்கு.
மூன்று மணிக்கு எழுந்து, தலைகூட வாராமல்
அவனுக்கு ரொட்டி வாட்டி, பீன்ஸ் ஊற்றுவாள்.
ட்ரேசிக்குப் பதிவு எண் கிடையாது.
அவள் வாசலில் அந்தப் பணம் செல்லாக் காசு.
பதிந்துகொள்ளேன் என்றதற்கு,
"முதலுதவி வகுப்பு, போலீஸ் சான்று, பதினாறு பக்கப் படிவம்,
எல்லாம் ஒரு பையனுக்கும் ஒரு டின் பீன்ஸுக்குமா?" என்றாளாம்.
வெள்ளிதோறும் ஜனீன்
ஊழியர் விலையில் ஒரு பெட்டி காட் மீன் வாங்கிப் போனாள்.
என் பத்திகள் எதிலும் அது ஏறவில்லை.

செப்டம்பரில் கிளப் திறந்தது,
பள்ளிக்குப் பின்னால், சக்கரம் கழற்றிய ஒரு கொட்டகையில்.
குட்டையில் ஆயிரத்து எழுநூற்று ஒன்று.
பெவர்லிக்கு ஆள் போதவில்லை.
ட்ரேசி இரவு வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தாள்.
சான்றையும் படிவத்தையும் பெவர்லியே பார்த்துக்கொண்டாள்.
அதே கை, அதே ரொட்டி.
இப்போது காசு செல்கிறது.
போகிற வழியில் வாடகை கடித்து, காப்பீடு கடித்து,
மின்சாரம் கடித்த மிச்சத்தில்
ட்ரேசியின் ஒரு மணி நேரத்துக்கு என்ன வருகிறதென்று
ஜனீன் கேட்டுவந்து சொன்னாள்.
மீன் பெட்டியே தேவலை.

எல்லிஸுக்குப் பத்து வயது.
அவனுக்குப் பிடித்தது அந்தச் சமையலறை மேசைதான்.
"கிளப்புல ட்ரேசி எல்லாருக்கும் ட்ரேசி" என்கிறானாம்.

மாதக் கடைசி. திரை கேட்கிறது:
பிடித்தம் பதினேழில் மாற்றம் உண்டா?
இல்லை என்று அழுத்துகிறேன்.
வெளியே மழை தூற்றலில்
ஜனீன் பேருந்துக்கு ஓடுகிறாள்,
இடுப்பில் மீன் பெட்டி.
வெள்ளிக்கிழமை அல்லவா.